கையில் நின்ற காசு

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் பல வருடங்களாக ஆடிட்டராக இருக்கிறேன். போன மாதம் என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன் அலுவலகத்துக்கு வந்தான். ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அமெரிக்கப் பங்குகள் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். பிட்காயின் என்ற டிஜிட்டல் காசை வாங்கவும் பணம் அனுப்பவும் உதவும் ஒரு நிறுவனத்தின் ஆண்டு வருவாய், கம்பி கம்பியாக வரைந்திருந்தது. 2020-க்கான கம்பிக்குப் பக்கத்தில் 2021-க்கான கம்பி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். “இங்க பாருங்க அங்கிள், ஒரே வருஷத்துல எப்படித் தூக்கியிருக்காங்க” என்றான்.

அந்த நிறுவனம் ஜாக் டோர்சியின் பிளாக். 2021 டிசம்பர் வரை அதன் பெயர் ஸ்கொயர். கடைகளில் கார்டு தேய்க்கும் கருவியில் ஆரம்பித்து, கேஷ் ஆப் என்ற செயலியை வளர்த்து, அதன் வழியாக மக்களுக்கு பிட்காயின் விற்றவர்கள். 2020-ல் வருவாய் 950 கோடி டாலர், 2021-ல் 1,766 கோடி டாலர். தம்பி காட்டிய படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த 1,766 கோடியில் 1,001 கோடி, வாடிக்கையாளருக்கு விற்ற பிட்காயினின் விலை. அந்த பிட்காயினை வாங்கிய செலவைக் கழித்தால் கம்பெனிக்கு மொத்த லாபமாக மிஞ்சியது சுமார் 22 கோடி டாலர். நூறு டாலருக்கு விற்றால் இரண்டு டாலரும் சில்லறையும்.

என் அம்மா கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கி ஸ்ரீராமபுரத்தில் விற்றவர். விடியற்காலையில் மல்லிகையும் கனகாம்பரமும் எடுத்து வருவார், ராத்திரி சுருக்குப் பையைத் தரையில் கவிழ்த்து எண்ணுவார். தீபாவளி, ஆயுத பூஜை சமயத்தில் பூ விலை மூன்று மடங்கு ஏறும். பை கனமாக இருக்கும். அன்றைக்கும் அவர் முதலில் மண்டிக்குக் கொடுக்க வேண்டியதைத் தனியாக எடுத்து வைப்பார். மீதியைப் பார்த்து, “இதுதான் கையில நின்ன காசு” என்பார். பையின் கனத்தை வைத்து அவர் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

பிட்காயின் விற்பனையும் இப்படித்தான். ஒருவர் மாதம் ஒரு பிட்காயின் வாங்குகிறார் என்று வையுங்கள். விலை இரட்டிப்பானால் கம்பெனியின் வருவாயும் இரட்டிப்பாகும். புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட வந்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய விலையும் கூடவே ஏறிவிடுவதால் செலவும் இரட்டிப்பு. 2021-ல் பிளாக்கின் வருவாயில் பாதிக்கு மேல் பிட்காயின். அதே வருடம் மொத்த லாபம் 442 கோடி டாலர், அதில் பிட்காயினின் பங்கு வெறும் ஐந்து சதவீதம். மீதியெல்லாம் கார்டு கட்டணம், உடனடிப் பணமாற்றக் கட்டணம் மாதிரியான பழைய வேலைகளில் வந்தது.

அடுத்த வருடம் நடந்ததைத் தம்பிக்கு எழுதியே காட்டினேன். 2022-ல் பிட்காயின் விலை சரிந்தது. பிளாக்கின் வருவாய் 1,766 கோடியிலிருந்து 1,753 கோடிக்கு இறங்கியது. படத்தை மட்டும் பார்த்தால் கம்பெனி நின்றுவிட்டது போல இருக்கும். மொத்த லாபமோ 442 கோடியிலிருந்து 599 கோடிக்கு ஏறியது, 36 சதவீதம்! பொருளை வாங்கிவிட்டுத் தவணையில் பணம் கட்ட உதவும் ஆஃப்டர்பே என்ற கம்பெனியை அந்த ஜனவரியில் வாங்கியதும் இதற்கு ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம், விளம்பரம் எல்லாம் போக அந்த வருடம் நிகர நஷ்டம் 54 கோடி டாலர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஏட்டில் மூன்று வரிகள், மூன்றும் வேறு வேறு கதை சொல்கின்றன. முதல் வரி மட்டும்தான் படமாகி நம் போனுக்கு வருகிறது. எனக்குள்ள கவலை இதுதான்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. பிட்காயின் மாதிரியான டிஜிட்டல் காசுகளில், அதாவது கிரிப்டோவில், வியாபாரம் செய்யும் இரண்டு கம்பெனிகளின் வருவாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பூச்சந்தையில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர் பூவைத் தன் காசில் வாங்கி விற்பவர், விற்ற தொகை முழுவதும் அவருடைய வியாபாரம். இன்னொருவர் மண்டிக்காரர். பூ விவசாயியுடையது, இவருக்குத் தரகு மட்டும்தான். லட்ச ரூபாய்க்குப் பூ விற்றாலும் தரகைத்தான் தன் வருமானமாக எழுத முடியும். பிளாக் முதல் ரகம். பிட்காயினைத் தானே வாங்கி விற்பதால் முழு விலையையும் வருவாயாக எழுதுகிறது. அமெரிக்கக் கிரிப்டோ சந்தையான காயின்பேஸ் பெரும்பாலும் மண்டி ரகம். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் எழுதுகிறது. இரண்டுமே விதிப்படி சரி. ஆனால் “வருவாய்” என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஆகிவிடுகிறது. பிளாக்கின் 1,001 கோடியையும் காயின்பேஸின் வருவாயையும் ஒரே தராசில் நிறுத்தவே கூடாது.

பிளாக் தனக்காகவும் பிட்காயின் வாங்கி வைத்தது. 2020 அக்டோபரில் 5 கோடி டாலருக்கு, 2021 தொடக்கத்தில் 17 கோடி டாலருக்கு. ஆக 22 கோடி. 2021 முடிவில் அதன் சந்தை மதிப்பு 37 கோடி டாலர். ஏட்டில் இருந்தது 15 கோடிக்கும் சற்றுக் குறைவு. அதுவும் போதாது என்று, அந்த வருடம் 7 கோடி டாலர் நஷ்டம் வேறு எழுதியிருந்தார்கள். அப்போதைய அமெரிக்கக் கணக்கு விதிப்படி, பிட்காயின் விலை இடையில் எப்போது ஏட்டு மதிப்புக்குக் கீழே இறங்கினாலும் அந்த இறக்கத்தை எழுதியாக வேண்டும், திரும்ப ஏறினால் ஏற்றி எழுதக் கூடாது. 2023 டிசம்பரில்தான் அந்த விதியை மாற்றினார்கள். ஆகவே பழைய அறிக்கைகளில் பிட்காயின் நஷ்டம் என்று பார்த்தால், பணம் உண்மையில் போய்விட்டதா, எழுத்தில் மட்டும்தானா என்று அடிக்குறிப்பைப் படியுங்கள். அடிக்குறிப்பைப் படிக்காமல் நான் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சரி, பிட்காயின் வேண்டாம், அதன் விலை ஆடுகிறது. ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர் என்று நிலையாக இருக்கும் ஸ்டேபிள்காயின் கம்பெனி எப்படி? இதுவும் தம்பியின் கேள்விதான். யூஎஸ்டிசி காயினை வெளியிடும் சர்க்கிள் 2025 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. 31 டாலருக்குக் கொடுத்த பங்கு முதல் நாளே 83 டாலரில் முடிந்தது. அதன் ஏட்டைத் திறந்தால் வேறொரு காட்சி. 2024-ல் வருவாய் 168 கோடி டாலர். ஏறக்குறைய முழுவதும் வட்டி! மக்கள் டாலரைக் கொடுத்துக் காயின் வாங்குகிறார்கள், கம்பெனி அந்த டாலரை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் வங்கியிலும் வைக்கிறது. வட்டி கம்பெனிக்கு, காயின் வைத்திருப்பவருக்கு இல்லை. பணம் அனுப்பித் தரும் வேலைக்கான கட்டணம் அந்த வருவாயில் ஒரு ஓரத்தில் கிடக்கிறது.

அந்த வட்டியும் முழுதாகக் கையில் நிற்கவில்லை. 168 கோடியில் 101 கோடி, காயினை விற்றுக் கொடுக்கும் கூட்டாளிகளுக்குப் போனது. அதில் காயின்பேஸுக்கு மட்டும் சுமார் 91 கோடி. 2023-ஐ விட வருவாய் கூடியும், நிகர லாபம் சுமார் 27 கோடியிலிருந்து 16 கோடிக்குக் குறைந்தது. பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 6,000 கோடி டாலர் மதிப்புள்ள காயின் புழக்கத்தில் இருந்தது. வட்டி ஒரு சதவீதம் இறங்கினால் வருடத்துக்கு 60 கோடி டாலர் வருவாய் போகும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இந்தப் பங்கை வாங்குபவர், அமெரிக்க மத்திய வங்கி வட்டியை என்ன செய்யும் என்பதன் மேலும் பணம் கட்டுகிறார். அது தெரிந்து வாங்கினால் சரி.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, சர்க்கிளின் இருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு டாலர் காயின் அந்த வார இறுதியில் 88 சென்ட் அளவுக்கு இறங்கியது. டெபாசிட் முழுவதும் பத்திரம் என்று அமெரிக்க அரசு சொன்ன பிறகு பழைய நிலைக்கு வந்தது. இருப்பு எங்கே இருக்கிறது என்ற பக்கம், லாபக் கணக்கைப் போலவே முக்கியம்.

இங்கே பெங்களூருவில் ஏன் இப்படி ஒரு கம்பெனி பெரிதாக வளரவில்லை என்றும் கேட்டான். தெருமுனையில் இளநீர் விற்பவரிடமே யூபிஐ இருக்கிறது, அதற்கு வியாபாரியிடம் கட்டணம் இல்லை. அதோடு போட்டி போட்டு ஒரு பைசா சம்பாதிப்பதும் கஷ்டம். அப்புறம் வரி. 2022 பட்ஜெட்டிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், விற்றால் ஒரு சதவீதம் டிடிஎஸ் என்ற முன்கூட்டியே பிடிக்கும் வரி, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது. அமெரிக்கக் கம்பெனியின் பங்குக்கு இந்த விதி இல்லை, அது சாதாரண மூலதன ஆதாயம். ஆனால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டியே ஆக வேண்டும். இதை மறந்துவிட்டு நோட்டீஸோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து மறக்காதீர்கள்.

இந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கை இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், நீளமும் அதிகம். மொத்த லாபம், கூட்டாளிகளுக்குக் கொடுத்தது, இருப்பு வைத்த இடம், இந்த மூன்றையும் தேடி எடுக்க ஒரு சாயங்காலம் போதும். தம்பி பிளாக்கின் அறிக்கையில் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்தான். பிட்காயின் மொத்த லாப வரியைத் தானே கண்டுபிடித்திருந்தான். பங்கு இன்னும் வாங்கவில்லை. வருகிற ஞாயிறு சர்க்கிளின் அறிக்கையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

நன்றி, வணக்கம்.