எந்த நாளில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"பதில் வராத ஜெபத்தில் விசுவாசிக்கு அழகு தொடர்ந்து கேட்பதா, ஒப்புக்கொடுத்து அமைவதா?" என்பது தலைப்பு. தொடர்ந்து கேட்பதே என்று பேச வந்திருக்கிறேன். தலைப்பை நிதானமாக விளக்கிவிட்டு வாதத்துக்குள் நுழையலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சொன்ன ஒரு வரிக்கு நீங்கள் தட்டிய கைத்தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு விடை சொல்லாமல் நான் எதைப் பேசினாலும் உங்கள் காதில் ஏறாது.

அவர் சொன்னது இது: "ஒருவரை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் எடுக்கவில்லை என்றால், நாகரிகம் தெரிந்தவர் நிறுத்திக்கொள்வார். இவர்களோ கடவுளுக்கு ஆயிரம் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுகிறார்கள்."

நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், நாம் யாரை அழைக்கும்போது மூன்றோடு நிறுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். அறிமுகமில்லாதவரை அழைக்கும்போது மூன்று முறை போதும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க அழைக்கும்போது ஒரு முறையே போதும், ஏனென்றால் எடுக்க மாட்டார் என்று தெரிந்தேதான் அழைக்கிறோம். ஆனால் இரவு பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிச் சென்ற மகள் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எதிரணி நண்பரே, மூன்று முறை அழைத்துவிட்டு, "நாகரிகம் கருதி நிறுத்திக்கொள்கிறேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்களா? நான்காவது முறை அழைப்பீர்கள், நாற்பதாவது முறையும் அழைப்பீர்கள். அவளுடைய தோழியை அழைப்பீர்கள். தோழியின் தந்தையை உறக்கத்திலிருந்து எழுப்புவீர்கள். அவர் எரிந்து விழுந்தாலும் பொறுத்துக்கொண்டு, மீண்டும் மகளின் எண்ணுக்கே வருவீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, இது எத்தனையாவது முறை?" என்று கேட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவை மரியாதை கருதி நான் சொல்லவில்லை. எத்தனை முறை அழைப்பது என்பதை, மறுமுனையில் இருப்பவர் நமக்கு யார் என்பதே தீர்மானிக்கிறது. நாகரிகத்துக்கு அங்கே வேலை இல்லை.

மிஸ்டு கால் என்று நண்பர் பெயர் வைத்துவிட்டதாலேயே, மறுமுனையில் யாரும் கேட்கவில்லை என்று ஆகிவிடாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று, வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. கடவுள் தன்னை மறந்தேவிட்டார் என்று உண்மையிலேயே முடிவு கட்டியவன், அந்தக் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போவானா? முறையிடுவதற்கும் எதிரே ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? சங்கீதப் புத்தகத்தில் இத்தகைய முறையீடுகள் ஒன்றிரண்டு அல்ல, நிறையவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்தவர்கள், கடவுளிடம் இப்படிக் கேட்பது அவமரியாதை என்று கருதி ஒன்றையும் நீக்கிவிடவில்லை.

இனி எதிரணி கொண்டுவந்த சாட்சிகளைப் பார்ப்போம். பவுலையும் மோசேயையும் அழைத்து வந்தார்கள். தம் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள், அதாவது விடாத ஒரு வேதனை, நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், பிறகு நிறுத்திக்கொண்டார். நீங்கள் என்ன பவுலைவிடப் பெரியவர்களா என்று கேட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் அடுத்த வசனத்தை மட்டும் அவர்கள் வாசிக்க மறந்துவிட்டார்கள். "என் கிருபை உனக்குப் போதும்" என்று கர்த்தர் பவுலுக்குச் சொன்னார். அதாவது பவுல் கேட்டார், பதில் வந்தது, நிறுத்தினார். நம் தலைப்போ பதில் வராத ஜெபத்தைப் பற்றியது. மோசேயின் வழக்கும் இதேதான். யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் மன்றாடியபோது, "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று கர்த்தர் சொன்னதாக உபாகமம் 3ஆம் அதிகாரம் கூறுகிறது. மறுப்பும் ஒரு பதில்தான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். "போதும்" என்று கடவுளே தடுக்க வேண்டிய அளவுக்கு ஒருவர் கேட்டிருக்கிறார் என்றால், அவர் எந்த அணியைச் சேர்ந்தவர்? பவுலும் மோசேயும் எங்கள் சாட்சிகள். வழி தவறி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பிவையுங்கள்.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தையும் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று இயேசு ஒப்புக்கொடுத்துவிட்டார், அத்தோடு முடிந்தது என்றார்கள். முடியவில்லை, நண்பர்களே. அப்படிச் சொன்ன பிறகும் அவர் மீண்டும் போனார். மூன்றாந்தரமும் போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. ஒப்புக்கொடுத்தல் அந்த ஜெபத்துக்குள்ளேயே பிறந்தது. ஜெபத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து அவர் அதைக் கண்டெடுக்கவில்லை. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் எச்சரித்தவரும் இவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதே வார்த்தைகளை மறுபடி சொல்வது எல்லாம் அலப்புவது ஆகாது என்பதற்கு அவரே அத்தாட்சி.

நடுவர் அவர்களே, லூக்கா 18ஆம் அதிகாரத்திலும் ஒரு நடுவர் இருக்கிறார். அவர் தேவனுக்குப் பயப்படாதவர், மனுஷரை மதியாதவர். நம் நடுவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறேன். தேவைப்பட்டால் தீர்ப்புக்குப் பின் மறுபரிசீலனை செய்துகொள்ளலாம். ஒரு விதவை அந்த நியாயாதிபதியிடம் வந்துகொண்டே இருந்தாள். இவள் அடிக்கடி வந்து தன்னை அலட்டாதபடிக்கு என்று அலுத்துக்கொண்டு அவர் நியாயம் செய்தார். கடவுளையும் இப்படி நச்சரித்துப் பணியவைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. அநீதியுள்ளவனே இவ்வளவு செய்வான் என்றால் நீதியுள்ளவர் செய்யாமல் இருப்பாரா என்பதே அந்த உவமையின் போக்கு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் முடிவு. "மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ" என்ற கேள்வியோடு இயேசு நிறுத்துகிறார். கடவுள் பதில் தருவாரா என்ற நம் கேள்விக்கு நடுவே, கேட்கிறவர்கள் அதுவரை இருப்பார்களா என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்கிறார்.

இப்போது நான் ஒரு தாயை அழைத்துவர வேண்டும். எதிரணி எவ்வளவு சிரிக்க வைத்தாலும் அவர் அழுதுகொண்டேதான் வருவார், ஏனென்றால் அழுகைக்குப் பெயர் போனவர் அவர். அவர் பெயர் மோனிக்கா. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்; 354இல் பிறந்து, பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் இறையியலாளரான அகுஸ்தீனின் தாய். மகன் என்ன தொழில் பார்த்தார் தெரியுமா? பேச்சுக்கலை ஆசிரியர். வார்த்தைகளை விற்றுப் பிழைத்தேன் என்று பிற்காலத்தில் அவரே வருந்தி எழுதினார். பேச்சாளனைப் பெற்றவள் அதிகமாக ஜெபிக்க வேண்டியிருக்கும் என்பது இந்த மேடையில் இருக்கும் எங்கள் எல்லாருடைய அன்னையருக்கும் தெரியும். அந்த மகன், ஒளியும் இருளும் சமமாக மோதும் இரு சக்திகள் என்று போதித்த மணிக்கேயர் என்ற சமயக் குழுவில் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். அவரோடு பேசித் திருத்தும்படி தாய் ஓர் ஆயரிடம் கெஞ்சினார். இப்போது பேசினால் அவன் கேட்கும் நிலையில் இல்லை, அவனுக்காக ஜெபித்துக்கொண்டிரு, தானே படித்து உணர்வான் என்றார் அவர். மோனிக்கா விடவில்லை, அழுதார், மீண்டும் கேட்டார், மீண்டும் அழுதார். ஆயர் சலித்துப்போய், "போய் வா அம்மா, இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் எத்தனையோ தாய்மாருக்கு ஆறுதலான அந்த வாக்கு, ஒரு மனிதர் பொறுமையிழந்த நொடியில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அடுத்து அந்த இரவு. ஆண்டு 383, இடம் கார்த்தேஜ் துறைமுகம். மகன் ரோமாபுரிக்குப் போக விரும்புகிறார். தாய், போகாதே, போனால் என்னையும் அழைத்துப் போ என்று பிடித்துக்கொள்கிறார். மகன் பொய் சொல்கிறார்: நண்பன் ஒருவன் புறப்படுகிறான், காற்று வரும்வரை அவனோடு இருக்கிறேன், நீங்கள் இந்த இரவு அருகிலுள்ள ஆலயத்தில் தங்குங்கள் என்கிறார். அது புனித சிப்ரியானின் நினைவாலயம். அங்கே தாய் இரவெல்லாம் கண்ணீரோடு கேட்டது ஒன்றே ஒன்று: மகன் கப்பல் ஏறக் கூடாது. காற்று எழுந்தது, பாய் விரிந்தது, கரை மறைந்தது. விடிந்தபோது கரையில் தாய் மட்டும் இருந்தார்.

எதிரணி நண்பரை அந்தக் கரையில் நிறுத்திப் பார்க்கிறேன். "அம்மா, இது எத்தனையாவது மிஸ்டு கால்?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்று காலை அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஜெபித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஏமாற்றப்பட்டவர் அவர். ஆலயத்தில் மண்டியிட்டிருந்த நேரம் முழுவதும், கப்பல் புறப்படுவதற்குத் தேவையான நேரமாகவே ஆகிவிட்டது. ஜெபிக்காமல் துறையிலேயே காவல் இருந்திருந்தால் மகனைத் தடுத்திருக்கலாம்! எதிரணிக்கு இதைவிட நல்ல சான்றை நானே எடுத்துக் கொடுக்க முடியாது.

அதே இரவை இன்னொரு முறை சொல்கிறேன், இந்த முறை கப்பலின் பக்கமிருந்து. தாய் வேண்டாம் என்று அழுத அந்தக் காற்றுதான் மகனை இத்தாலிக்குக் கொண்டுசென்றது. ரோமாபுரியிலிருந்து அவர் மிலானுக்குப் போனார். அங்கே ஆயர் அம்புரோஸின் மறையுரைகளை, பொருளுக்காக அல்லாமல் பேச்சுநடைக்காகக் கேட்கத் தொடங்கினார். நம்மைப் போன்ற தொழில்காரர் அல்லவா! நடையைக் கேட்கப் போனவருக்குள் பொருளும் நுழைந்துவிட்டது. 386இல் மனம் திரும்பினார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அம்புரோஸின் கையால் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில் அந்த இரவைப் பற்றிக் கடவுளிடமே அவர் பேசுகிறார்: என் தாய் எப்போதும் கேட்டுவந்ததை என்னில் செய்வதற்காக, அப்போது அவள் கேட்டதை நீர் செய்யாமல் விட்டீர் என்கிறார். கரையிலிருந்து பார்த்தவருக்கு மறுக்கப்பட்ட ஜெபம், கப்பலில் இருந்தவருக்கு நிறைவேறிக்கொண்டிருந்த ஜெபம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கரையில் நின்றவருக்கு இது தெரியாது. தெரியாமலேயே அவர் வழக்கம்போல மகனுக்காக ஜெபிக்கத் திரும்பிப் போனார். பிறகு கடல் கடந்து மிலானுக்கே வந்து சேர்ந்தார்.

இது நன்றாக முடிந்த கதை, ஆகையால் பேச்சாளனுக்கு வசதியானது. எல்லாருடைய கதையும் இப்படி முடிவதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்: ஒரே பெயரை ஆண்டுக்கணக்காக ஜெபத்தில் சொல்லி வருகிறவர்கள், குணமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, கேட்டவாறே அடக்கமும் செய்துவிட்டு வந்தவர்கள், மறுநாள் காலையிலும் பழக்கத்தால் அந்தப் பெயர் நாவில் வந்து, பாதியில் நின்றுபோனவர்கள். உங்களிடம் நான் வாதம் வைக்கப் போவதில்லை. "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு கேட்டிருக்கலாம்" என்று உங்களைப் பார்த்துச் சொல்பவர் எவராவது எங்கள் அணியில் இருந்தால், அவரை எதிரணிக்கு இப்போதே கொடுத்துவிடுகிறோம். தாவீதின் பிள்ளை சாகும் என்று தீர்க்கதரிசி நாத்தான் முன்பே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் அந்தத் தகப்பன் தரையில் கிடந்து கேட்டான். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. அவன் விசுவாசம் குறைந்ததால் இறந்தது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி, ஒரு துதி வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான், அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. 1997இல் மறைந்த அன்னை தெரேசா, தம் பணிவாழ்வின் பெரும்பகுதியில் கடவுளின் அருகாமையை உணர முடியாமல் தவித்ததை, அவருடைய கடிதங்கள் 2007இல் நூலாக வெளியானபோதுதான் உலகம் பரவலாக அறிந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் அதிகாலையில் எழுந்து ஜெபத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஏன் போனார் என்பதை என்னால் தர்க்கமாக நிறுவ முடியாது. அன்புள்ளவர் போகாமல் எப்படி இருப்பார் என்று மட்டுமே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

மோனிக்காவுக்கும் நிறைவேறாத ஆசை ஒன்று இருந்தது. சொந்த நாட்டில், கணவருக்கு அருகே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று விரும்பி, இடமும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மகன் திருமுழுக்குப் பெற்ற அதே 387இல், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். இந்த உடலை எங்கேயாவது புதையுங்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்த ஆசையை அவர் ஒப்புக்கொடுத்து அமைந்தார். ஆனால் அதே மூச்சில், ஒன்று மட்டும் கேட்கிறேன் என்று தொடங்கி, நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைவுகூருங்கள் என்று மகன்களிடம் சொன்னார். சாகும்போதும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே எதிரணித் தலைவரிடம் எனக்கு ஒரே கேள்வி. மகனுக்காகக் கேட்பதை அந்தத் தாய் எந்த நாளில் நிறுத்தியிருக்க வேண்டும்? ஆயர் சலித்துக்கொண்ட நாளிலா, கப்பல் போய்விட்ட காலையிலா, மகன் மிலானில் வெறும் நடையை ரசித்துக்கொண்டிருந்த நாள்களிலா? நாளைக் குறிப்பிட்டு, காரணத்தையும் சேர்த்து, அவருடைய நிறைவுரையில் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.