தோல்வி வேறு, பதில் வராதது வேறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு, லோயர் கேம்ப் தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டு வருவது தெரியும். அந்த நேரம் பார்த்து கைப்பேசியில் மின்கட்டணம் கட்டுகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது. பிறகு ஒரு வரி: 'ஏதோ தவறு நடந்துவிட்டது.' பணம் போயிற்றா இல்லையா? அதை மட்டும் அது சொல்லாது.

செயலி எழுதுவது என் தொழில். இத்தகைய வரிகளுக்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. அந்த நிரலுக்கு வெற்றி, தோல்வி என்ற இரண்டு முடிவுகள்தான் தெரியும். மலைப்பாதையில் மூன்றாவது ஒன்று உண்டு. உங்கள் கோரிக்கை சர்வருக்கு, அதாவது கட்டணத்தை ஏற்கும் மறுமுனைக் கணினிக்கு, போய்ச் சேர்ந்து, பணமும் கழிந்து, திரும்பி வரும் பதில் மட்டும் வழியில் தொலைந்துபோவது. செயலி சிறிது நேரம் காத்திருந்து கைவிட்டுவிடுகிறது. இதை 'டைம் அவுட்' என்போம். இது தோல்வி அல்ல, தெரியாத நிலை. இதைத் தோல்விக் கணக்கில் எழுதும் செயலி, உங்களை இரண்டாம் முறை பணம் கட்ட வைக்கிறது.

சர்வர் தன் பதிலில் ஒரு குறியீட்டு எண்ணும் தரும். அது 400 என்றால் அனுப்பிய விவரத்தில் பிழை. 503 என்றால் இப்போதைக்கு இயலவில்லை. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லவும் அந்தப் பதிலில் இடமுண்டு. இவற்றில் பதில் வந்துவிட்டது, அதற்கேற்ப எழுதலாம். பதிலே வராதபோது என்ன செய்வது? ஒவ்வொரு கட்டணத்துக்கும் தொடக்கத்திலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். முன்பே கழித்த எண் என்று கண்டால் சர்வர் மீண்டும் கழிக்காமல் பழைய முடிவையே திருப்பித் தரும். அப்போது, 'பதில் இன்னும் வரவில்லை, சரிபார்க்கிறோம், மீண்டும் கட்ட வேண்டாம்' என்று செயலியால் துணிந்து சொல்ல முடியும். பின்னால் இந்த ஏற்பாடு இல்லாமல் முன்னால் இனிமையாக எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோப்பின் பெயர், வரி எண், தரவுத்தள விவரம் எல்லாவற்றையும் திரையில் கொட்டும் செயலிகளும் உண்டு. அந்த விவரங்கள் பயனருக்கு உதவாது, திருடனுக்கு உதவும். அவற்றை 'லாக்' என்னும் உள்பதிவேட்டில் வைத்துவிட்டு, திரையில் ஒரு குறிப்பு எண் காட்டினால் போதும். மழுப்புவது சரியான இடமும் ஒன்று உண்டு: உள்நுழையும்போது பயனர் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொல்லாதிருப்பதே பாதுகாப்பு.

ஆண்ட்ராய்டில் 'டோஸ்ட்' என்னும் சிறு அறிவிப்பு நீண்ட அளவிலும் சுமார் 3.5 வினாடிதான் நிற்கும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போய்விடும்! பணம் பற்றிய செய்தி, படித்தவர் மூடும்வரை நிற்க வேண்டும். பீர்மேடு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பல செயலிகளில் பட்டியலெல்லாம் தமிழில் இருக்கும், பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வரும். அது சர்வரிலிருந்து நேரே வருவதுதான் பெரும்பாலும் காரணம். சர்வர் குறியீட்டை மட்டும் அனுப்பட்டும். வாசகம் செயலியின் தமிழ்க் கோப்பில் இருக்கட்டும்.

செயலி எழுதும் இளைஞர்களே, அலுவலக வைஃபையில் சோதித்து முடித்துவிடாதீர்கள். பொத்தானை அழுத்திய கணமே இணைப்பைத் துண்டித்து, என்ன வரி வருகிறது என்று பாருங்கள். மற்ற நேயர்கள், அப்படி ஒரு வரி வந்தால் மறுபடி அழுத்துவதற்கு முன் வங்கிக் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். 'நிலுவையில்' என்றிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். வணக்கம்.