அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் ஒழித்துவிட்டார்கள்! நம் கரையில் எப்போது?

(காட்சி: தனுஷ்கோடி, அரிச்சல்முனை. இரண்டு பக்கமும் கடல்.)

வணக்கம் மக்களே! இந்த முனையில் வந்து நின்றால் சில நேரம் நம் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரைக்கு 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சான்று கொடுத்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு இலங்கை என்று. வீடு தேடி வரும் மருத்துவமாது, ஒரு ரத்த டெஸ்ட், சிபிலிஸ் இருந்தால் ஒரு பென்சிலின் ஊசி. இவற்றை ஒரு கர்ப்பிணியும் விட்டுப்போகாமல் கொண்டுசேர்த்தார்கள். இந்த மூன்றும் நம்மிடமும் இருக்கிறது. அவர்கள் மருத்துவமாது என்பவரை நாம் நர்சம்மா என்கிறோம், அவ்வளவுதான்.

சிபிலிஸ் உடலுறவு வழியாகப் பரவும் கிருமி நோய். புண் வலிக்காது, தானாக ஆறிவிடும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். கர்ப்பிணிக்கு வந்து சிகிச்சை இல்லாமல் போனால் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் ஏதாவது ஒரு கெடுதல் நடக்கிறது. கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். நல்லபடியாகப் பிறந்ததுபோல் தெரிந்த குழந்தைக்குப் பின்னால் காது கேட்காமல் போகலாம், எலும்பும் பல்லும் கோணலாகலாம்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

(காட்சி: கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி.)

மண்டபம் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஒருவர் இந்தப் பென்சிலின் பொடியைக் கலக்கிக் காட்டினார். தண்ணீர் சேர்த்து உருட்டினால் கெட்டியான பால் மாதிரி ஆகிறது. மெல்லிய ஊசியில் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த ஊசிதான். 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலினை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்க இடுப்பிலும் போடுகிறார்கள். வலிக்கும், மறைக்க மாட்டேன். ஏன் இவ்வளவு கெட்டி?

நமக்குத் தெரிந்த பல கிருமிகள் வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். சிபிலிஸ் கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பென்சிலினோ, கிருமி பெருகுவதற்காகத் தன் சுவரைக் கட்டும் நேரத்தில்தான் அதை உடைக்கும். சாதாரண பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். அதற்குள் இந்தக் கிருமி அசையக்கூட அசைந்திருக்காது! நண்டு வலையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் கடலில் விட்டால் ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கும், விடியற்காலையில்தான் இழுப்பார்கள். விட்டவுடனே இழுத்தால் என்ன கிடைக்கும்? அதேபோல இந்தக் கெட்டி மருந்து தசைக்குள் தங்கி, இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையையும் சேர்கிறது. 1943-இல்தான் பென்சிலினால் சிபிலிஸைக் குணப்படுத்தலாம் என்று முதலில் காட்டினார்கள். இன்றைக்கும் கர்ப்பிணிக்கு இதைவிட நம்பகமான மருந்து கிடையாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நோய் எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நாள் தள்ளிப்போன முதல் மூன்று மாதத்துக்குள் டெஸ்ட். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், 20 நிமிடத்தில் அட்டையில் கோடு தெரியும். கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு முறை.

அப்புறம், வீட்டுக்காரர். அவருக்கும் டெஸ்ட், தேவைப்பட்டால் ஊசி. இல்லையென்றால் குணமான மனைவிக்குத் திரும்பவும் வரலாம். கடலுக்குப் போகிறவர் என்றால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், கரையில்தானே இருப்பார், கூட்டிக்கொண்டு போங்கள். யாரால் வந்தது என்று சண்டை வேண்டாம். நம் பெரியவர்கள் இதைப் பறங்கிப்புண் என்று வெள்ளைக்காரன் தலையில் கட்டினார்கள். இத்தாலிக்காரர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஐந்நூறு வருடமாக இந்தச் சண்டை நடக்கிறது, அதனால் ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இதைப் பார்க்கிற தங்கச்சிகள், வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டுத் தாய் சேய் நல அட்டையை எடுங்கள். ரத்தப் பரிசோதனைப் பக்கத்தில் சிபிலிஸ் அல்லது வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி இருக்கும். அது காலியாக இருந்தால் நாளைக்குக் காலையிலேயே நர்சம்மாவுக்குப் போன் போடுங்கள்.