பழுத்தாலும் பச்சையாக இருக்கும் தக்காளி தரும் மகசூல்

அனைவருக்கும் வணக்கம். காய்கறிப் பயிர்களில் மகசூலுக்குக் காரணமான மரபணுக்களை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் தக்காளியை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தேடலுக்கு வழி திறந்துவிட்ட பயிர் அது.

மகசூல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வயலில் இறங்கிப் பார்த்தால் அதற்குள் பல சங்கதிகள். செடிக்கு எத்தனை பூங்கொத்து, கொத்துக்கு எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சு நிற்கிறது, பழம் எத்தனை கிராம். ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள் பொறுப்பு, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. தண்ணீரும் வெயிலும் வேறு சேர்ந்துகொள்ளும். மெண்டலின் பட்டாணியைப் போல நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரித்து எண்ணிவிட முடியாது.

1988இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்ஸ்லியின் குழு இதை உடைத்துக் காட்டியது. தக்காளிக்கு 12 குரோமோசோம்கள். சாலையோர மைல்கற்களைப் போல அவை முழுவதும் டி.என்.ஏ. அடையாளங்கள் குறிக்கப்பட்டிருந்தன. பெரு நாட்டின் காட்டுத் தக்காளி ஒன்றை நாட்டுத் தக்காளியோடு, அதாவது நாம் பயிரிடும் தக்காளியோடு சேர்த்து, அந்தக் கலப்பை மறுபடியும் நாட்டுத் தக்காளியோடு சேர்த்து, 237 செடிகள் வளர்த்தார்கள். செடி செடியாக இலை பறித்து, எந்த அடையாளத்தில் காட்டுத் துண்டு இருக்கிறது என்று பார்த்தார்கள். இன்னொரு பக்கம் பழத்தை எடை போட்டார்கள், சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலிய பொருள்களின் அளவை, அதாவது கரைதிடத்தை அளந்தார்கள். ஓர் இடத்தில் காட்டுத் துண்டு உள்ள செடிகளுக்கெல்லாம் சராசரியாகப் பழம் சிறுத்திருந்தால், எடையை ஆளும் மரபணு அதன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்படிப் பழ எடைக்குக் குறைந்தது 6 இடங்கள், கரைதிடத்துக்கு 4 இடங்கள் அகப்பட்டன.

இடம் தெரிவது வேறு, மரபணுவே கையில் கிடைப்பது வேறு. அதற்கு 2000 வரை ஆயிற்று. இரண்டாம் குரோமோசோமில் எஃப்.டபிள்யூ. 2.2 என்று ஓர் இடம்; பழ எடை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். அங்கிருந்த காட்டு மரபணுவை எடுத்துப் பெரிய பழத் தக்காளிக்குள் செலுத்தினார்கள். பழம் சிறுத்தது. இந்த ஒரே இடம் பழ எடையை 30 சதவீதம் வரை மாற்றக்கூடியது. செல்கள் பெருகுவதை அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. காட்டுப் பழங்கள் சில கிராம்தான் இருக்கும். அந்த அடக்குமுறை தளர்ந்த செடிகளைத்தான் பழங்கால உழவர்கள் பெரிய பழம் என்று பார்த்துப் பார்த்து விதைக்கு வைத்திருக்கிறார்கள். ஆய்வகம் பார்க்காத அந்தக் கண்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பெருவின் வறண்ட மலைச்சரிவுகளில் பென்னெல்லி என்றொரு காட்டுத் தக்காளி உண்டு. பழம் சின்னது, பழுத்தாலும் பச்சை. எந்தச் சந்தையிலும் விலை போகாது. இஸ்ரேலின் டேனி சாமிர் அதன் குரோமோசோம்களைத் துண்டு துண்டாக, ஒரு வரிசைச் செடிக்கு ஒரு துண்டு என்று நாட்டுத் தக்காளிக்குள் கொண்டுவந்தார். இப்படி 76 வரிசைகள் உருவாயின. ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு பழத்தின் சர்க்கரையைக் கூட்டியது. சாஸ், பேஸ்ட் ஆலைகள் தண்ணீரை வற்றக் காய்ச்சித்தான் பிழைக்கின்றன. கரைதிடம் சற்றுக் கூடினாலே அவர்களுக்கு எரிபொருள் மிச்சம். 2004இல் அதே சாமிர், மகசூலைக் கூட்டும் மூன்று காட்டுத் துண்டுகளை ஒரே செடியில் சேர்த்துக் காட்டினார். சந்தையில் முன்னணியில் இருந்த ரகத்தைவிட 50 சதவீதத்துக்கு மேல் மகசூல். வழக்கமான பாசனத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் விட்ட வயலிலும் அந்த ஏற்றம் நின்றது.

செடியின் தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திருக்குமா? அதனால்தான் விதை வங்கியில் இருக்கும் ஒன்றுக்கும் உதவாத ரகங்களைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1991இல் ஒரே கலப்பின் சந்ததிகளைக் கலிபோர்னியாவில் இரண்டு இடங்களிலும் இஸ்ரேலில் ஓர் இடத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். பழத்தின் குணங்களை ஆளும் இடங்கள் குரோமோசோம்களில் மொத்தம் 29 அகப்பட்டன. மூன்று வயல்களிலும் தென்பட்டவை நான்கே நான்கு. 15 இடங்கள் ஒரே ஒரு வயலில் மட்டும் தலைகாட்டின. ஆக, வெளிநாட்டில் போட்ட வரைபடத்தை அப்படியே வாங்கி வந்து நம் செம்மண்ணிலும் கரிசலிலும் நாற்று நட முடியாது. 2012இல் வெளியான தக்காளி மரபணுத் தொகுதியில் இந்திய விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு. ஐந்தாம் குரோமோசோம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. இனி வேண்டியது, கோடையிலும் மழைக்காலத்திலும் பல ஊர் வயல்களில் பழத்தைப் பறித்துத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளும் பொறுமையான வேலை. இங்கே இருக்கும் மாணவர்களே, அந்த வேலைக்கு ஆள் போதவில்லை. வாருங்கள்.