ஸ்வெட்டருக்கு உள்ளே

நேயர்களுக்கு வணக்கம். கேரட் கழுவிக்கொண்டே கேட்பவர்களுக்கும், பூண்டுக் காட்டு வரப்பில் பெட்டியை வைத்துவிட்டுக் களை எடுப்பவர்களுக்கும், வத்தலக்குண்டு சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு வளைவில் கேட்டும் அடுத்த வளைவில் கேட்காமலும் இருப்பவர்களுக்கும் வணக்கம். இந்த மலையில் வானொலி அலை அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் முக்கியமான சங்கதியை இரண்டு மூன்று முறை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதாரப் பணியில் இருக்கும் செவிலியருக்கு என்னென்ன மருத்துவ அறிவு வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். கேட்டவுடன் எனக்குக் கைகால் உதறியது. அதற்கென்று தடித் தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது, கிராம சுகாதார செவிலியராக இந்தக் கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைத்தொடரில் முப்பது வருடம் மேலும் கீழுமாக நடந்த நடை. அந்த நடையில் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எந்த வளைவில் அறுந்தாலும் கவலையில்லை: நோயாளியின் ஸ்வெட்டரைக் கழற்றிப் பாருங்கள்.

சிரிக்காதீர்கள். மதுரையிலோ தேனியிலோ வேலை பார்க்கும் செவிலியருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கைக்குழந்தை அரைஞாண் கயிற்றோடு வந்து சேரும். நெஞ்சு ஏறி இறங்குவது வாசலிலேயே தெரிந்துவிடும். நம் ஊரில் அதே குழந்தை குல்லாய், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேலே பாட்டியின் சால்வை என்று பலாப்பழம்போல வரும். மூக்கு மட்டும் வெளியே இருக்கும். அந்த மூக்கைப் பார்த்துச் சளி என்று எழுதி அனுப்பிவிடத் தோன்றும். குளிரில் அவிழ்க்கச் சொல்ல நமக்கும் மனம் வராது, அவிழ்க்க அவர்களுக்கும் மனம் வராது.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு வாரம். மன்னவனூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. பூண்டுக் காட்டில் கூலி வேலை. நான்கு நாளாகக் காய்ச்சல் என்று அவருடைய மகள் வந்து கூப்பிட்டாள். போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துச் சுருண்டு படுத்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி. கழுத்துப் பக்கமாகக் கையை விட்டு அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தேன். 103 டிகிரி. தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல வலி, கண் சிவந்திருந்தது. மலேரியாவுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டேன். பாராசிட்டமால் கொடுத்தேன். கஞ்சி குடிக்கச் சொன்னேன். பொறுப்பாக வேலை பார்த்துவிட்ட திருப்தியோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கேரட் மூட்டை ஏற்றும் ஜீப்பில்தான் ஏற்றினார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ், அங்கிருந்து கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியாவும் இல்லை. அன்றிரவு பணியிலிருந்த செவிலியர் நோயாளிக்கு ஆஸ்பத்திரி உடையை மாற்றிவிடும்போது இடுப்பில் ஒன்றைப் பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளைய பெண். நான் பார்க்கப் போனபோது எனக்கும் காட்டினார். பாவாடை நாடா இறுக்கிய தடத்தின்மேல், மிளகை நசுக்கி ஒட்டிவைத்ததுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். சுருட்டு நெருப்புச் சுட்டால் ஆறும்போது எப்படி இருக்குமோ அப்படி. அவ்வளவுதான். அதை வைத்துத்தான் உண்ணிக் காய்ச்சல் என்று பிடித்தார்கள். டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து. தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நுரையீரல் தேறத்தான் பல நாள் ஆயிற்று.

“ஏன் அம்மா, இப்படி ஒன்று இருப்பதை என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. நீங்களும் கேட்கவில்லையே நர்சம்மா” என்றார்.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் கஞ்சி டம்ளரைக் கழுவிவைக்கும் சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கொண்டு மொச்சைக்கொட்டை மாதிரி உப்புமே, அந்த உண்ணி வேறு. இது புல்லும் புதரும் எலியும் உள்ள இடத்தில் வாழும் ஒரு நுண்பூச்சியின் குஞ்சுப் பருவம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உடம்பில் ஏறி, துணி இறுக்கும் இடத்தில் போய் நிற்கும். அங்கே கடித்து, ஓரியன்ஷியா என்ற கிருமியை உள்ளே விடும். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம்வரைகூடக் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் எந்த வரப்பில் உட்கார்ந்தோம் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? மழைக்காலத்திலும் அதை ஒட்டிவரும் பனிக்காலத்திலும் நம் பக்கம் அதிகம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் போகும்.

செவிலியர் தங்கைகள் கவனிக்க வேண்டியது இது. இந்தக் கிருமி நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். பென்சிலின் வகையும், நாம் சாதாரணமாக ‘செஃப்’ என்று தொடங்கும் பெயரில் போடும் ஊசிகளும் அதைத் தொடாது. ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று ஒருவர் வந்தால், அந்த ஒரு தகவலே உங்களை உசுப்ப வேண்டும். கர்ப்பிணி என்றால் மருத்துவர் பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுப்பார். ரத்தப் பரிசோதனை உண்டு, எலைசா என்பார்கள். ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைப்பதில்லை. இன்னொன்று, பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

எங்கே தேடுவது? அக்குள், மார்பின் அடிமடிப்பு, இடுப்பு நாடா, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால். குழந்தைக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். பார்த்தீர்களா, ஒரு இடமாவது ஸ்வெட்டருக்கு வெளியே இருக்கிறதா?

எப்படிப் பார்ப்பது என்பதும் ஒரு வித்தைதான்; பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் கதவைச் சாத்துங்கள். வீட்டிலுள்ள மாமியாரையோ மகளையோ கூப்பிட்டுச் சால்வையைத் திரைபோலப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பனிக்கட்டிக் கையோடு தொட்டால் எந்த நோயாளியும் துள்ளி எழுந்துவிடுவார். முழுக்க அவிழ்க்க வேண்டாம். ஒரு பக்கம் விலக்கிப் பார்த்து, மூடி, பிறகு அடுத்த பக்கம். ஆண்கள் வெட்கப்படுவார்கள், அதுவும் அவர்களுக்குப் பொருக்கு சில சமயம் விதைப்பையில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு பெரியவர் என்னிடம், “எனக்கு ஒன்றும் இல்லை தாயி, நீ மாத்திரையைக் கொடு” என்று வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவியிடம் டார்ச் விளக்கைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அந்தப் பாட்டி வெளியே வந்து, “மிளகு இருக்கிறது” என்றார். ஊரெல்லாம் அந்தப் பேச்சுப் பரவி, அந்தப் பெரியவர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. ஆனால் மருந்தை ஒழுங்காக முடித்தார்.

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அந்த மூவாயிரம் பேர் எத்தனை மேடு பள்ளத்தில் சிதறிக்கிடப்பார்கள் என்பது கணக்கில் வராது. அமெரிக்காவில் 1965இல், கொலராடோ மாநிலத்தில், லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, செவிலியரே நோயாளியை முழுதாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் அங்கே ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற பெரிய பிரிவு. அவர்கள் மருந்தும் எழுதுவார்கள். கொலராடோவும் மலைநாடுதான் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். என்னால் மருந்து எழுத முடியாது. ஆனால் மருத்துவரைப் போனில் கூப்பிட்டு, “காய்ச்சல்” என்று மட்டும் சொல்வதற்கும், “ஆறு நாள் காய்ச்சல், இடுப்பில் கறுப்புப் பொருக்கு, மூச்சு நிமிடத்துக்கு முப்பது” என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் என் கையில்தான் இருக்கிறது. இரண்டாவது மாதிரிச் சொன்னால் மருத்துவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

மூச்சு என்றதும் குழந்தைகள். இதை அம்மாமார்களும் கேளுங்கள். சளியா நிமோனியாவா என்று பார்க்க ஸ்டெதாஸ்கோப் வேண்டியதில்லை. நொடிமுள் உள்ள கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, மடியிலேயே வைத்து, ஸ்வெட்டரைத் தூக்கி வயிற்றையும் நெஞ்சையும் பார்த்து எண்ணுங்கள். ஒரு முழு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டால் வேகமான மூச்சு, உடனே காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பக்கம் மேலே எழாமல் குழிந்து உள்வாங்கினால் எண்ணிக்கொண்டே உட்கார வேண்டாம், கிளம்புங்கள். அறுபது, ஐம்பது, நாற்பது. வளைவில் விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு முறை: அறுபது, ஐம்பது, நாற்பது.

பூம்பாறைப் பக்கம் ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு, “எனக்கு நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாதே” என்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பட்டாணியை எடுத்துப்போடுங்கள், நிமிடம் முடிந்ததும் பேத்தி எண்ணிக்கொள்ளட்டும் என்றேன். பிறகு அந்தத் தெருவில் பட்டாணிக் கிண்ணம் வைத்து எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

ரத்த அழுத்தத்துக்கும் இதே கதை. ஸ்வெட்டர் கையின்மேலேயே பட்டையைச் சுற்றுவதும் தவறு, கையை முழங்கைக்கு மேலே இறுக்கிச் சுருட்டிவிடுவதும் தவறு. ஒரு கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நம் துணை நிலையங்களுக்குப் பல ஊரில் படியேறித்தான் வரவேண்டும். வந்தவுடன் பார்த்தால் யாருக்கும் அழுத்தம் அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பேச வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் வந்த பிறகு வீடுவீடாகப் பார்க்கிறோம், நல்லதுதான். ஆனால் பெட்டியைத் திறக்கும் அவசரத்தில் ஸ்வெட்டர் கையை மறந்துவிடுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு வாக்கியமா தெரியவில்லை. உண்ணியைப் பிடித்துக்கொண்டு நேரத்தைத் தின்றுவிட்டேன். ரத்தசோகைக்கு எழுதிவைத்த பக்கத்தைச் சுருக்குகிறேன். ஏழாயிரம் அடி உயரத்தில் வாழும் நம் உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூடுதலாகவே தயாரிக்கும். அதனால் இங்கே ஒரு கர்ப்பிணிக்கு 11 கிராம் என்று வந்தால், கீழே இருப்பவருக்கு வந்த 11 மாதிரி நிம்மதிப்பட வேண்டாம், மருத்துவரிடம் உயரக் கணக்கைக் கேளுங்கள்.

கடைசியாக, கரி அடுப்பு. இதைத்தான் பெரிதாகப் பேச நினைத்திருந்தேன். மூடிய அறையிலோ கூடாரத்திலோ கணப்புக்காகக் கரி மூட்டிவிட்டுத் தூங்காதீர்கள். சுற்றுலா வருபவர்களிடமும் விடுதிக்காரர்கள் சொல்லுங்கள். காலையில் ஒரே வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு என்றால் சாப்பாட்டுக் கோளாறு என்று முடிவு கட்டாமல், அறையில் கரி எரிந்ததா என்று முதலில் கேளுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். செவிலியர் தங்கைகளே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போது 98 என்று அழகாகக் காட்டும். கரிப்புகை நஞ்சு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த 98ஐ நம்பாமல் ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு விரல்தான் காட்டுகிறார்கள் இப்போது. வணக்கம்.