மதிப்பெண் எழுதாத கட்டுரைத்தாள்: ரீட் கல்லூரியில் படிப்பு எப்படி நடக்கிறது

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் உள்ள ரீட் கல்லூரியில் உயிரியல் எடுத்துப் படித்து, சென்ற மே மாதம் பட்டம் பெற்றேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும், சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் என்ன, அங்கே அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டு வருவதால், இன்றைய வ்லாக் முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன். கலை, அறிவியல் துறைகளைச் சேர்த்துக் கற்பிக்கும், இளநிலைப் படிப்பையே மையமாகக் கொண்ட கல்லூரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வளாகத்தைச் சுற்றிக்காட்டப் போவதில்லை. செங்கல் கட்டடங்களும் புல்வெளியும் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கின்றன. படிப்பு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிமியன் ரீட், அமாண்டா ரீட் என்ற தம்பதியர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 1908ஆம் ஆண்டு இக்கல்லூரி நிறுவப்பட்டது. 1911இல் வகுப்புகள் தொடங்கின. மொத்த மாணவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். நம் ஊர்ப் பெரிய மேல்நிலைப்பள்ளி ஒன்றில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வகுப்பெடுப்பதும் தாள் திருத்துவதும் வழக்கம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாடம் நடத்துபவரும், கட்டுரையைப் படிப்பவரும், சந்தேகம் கேட்கப் போனால் கதவைத் திறப்பவரும் பேராசிரியரே. ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இல் இங்கே சேர்ந்து ஒரே பருவத்தில் விலகினார், அதன் பிறகும் வந்து கலிகிராஃபி எனப்படும் அழகெழுத்துக்கலை வகுப்பில் உட்கார்ந்தார் என்ற செய்தியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் இந்தக் கல்லூரியைப் புரிந்துகொள்ள அது பெரிதாக உதவாது.

எனக்குத் தெரிந்து, இந்தக் கல்லூரியின் உயிர்நாடி வேறொன்று. நீங்கள் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து, வரிவரியாக, முழுமையாகப் படிக்கிறார். மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இதோ, கேமராவுக்கு அருகே காட்டுகிறேன், பாருங்கள். முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் நான் எழுதிய கட்டுரை இது. மெக்சிகோ நகரம் இன்று இருக்கும் இடத்தில் அக்காலத்தில் இருந்த டெனோச்டிட்லான் 1521இல் ஸ்பானியர்களிடம் வீழ்ந்ததைப் பற்றி, வென்றவர்கள் எழுதிய குறிப்புகளையும் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான நாவா மக்களின் நினைவிலிருந்து பதிவான குறிப்புகளையும் அருகருகே வைத்து எழுதியது. ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பக்கத்தில், "இந்தச் சாட்சியத்தைப் பதிவு செய்தவர் யார், யாருக்காகப் பதிவு செய்தார்?" என்று ஒரு கேள்வி. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியின் பக்கத்தில் நீளமாகக் கோடு போட்டு, "உங்கள் கட்டுரை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது" என்று ஒரு குறிப்பு. கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் பேராசிரியரின் கையெழுத்து. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாலும் மதிப்பெண் இருக்காது. நூற்றுக்கு எவ்வளவு என்றும் இல்லை, ஏ, பி என்ற எழுத்தும் இல்லை.

மதிப்பெண்ணே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் தர எழுத்து ஒன்று கல்லூரிப் பதிவேட்டில் ஏறுகிறது, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழிலும் வருகிறது. ஆனால் சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்கும் வரை, அதை யாரும் உங்களிடம் வந்து சொல்வதில்லை. தெரிந்துகொள்ள விரும்பினால் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடனே தெரிவித்துவிடுவார்கள். எங்களில் பலர் பட்டம் பெறும் வரை கேட்கவே இல்லை. ஒரு மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தை இழந்து, மாவட்ட அளவில், மாநில அளவில் என்று அடுக்கப்பட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் பெரும் கலக்கத்தைத் தரும். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாததுபோல் இருக்கும். நாளடைவில் கண் தானாக அந்த ஓரக் குறிப்புகளுக்குப் போகும். ஏனென்றால், நம் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தத் தாளில் வேறு எதுவும் இல்லை. மதிப்பெண் இருந்திருந்தால் நான் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் காட்டிய கட்டுரை, முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் படித்தே ஆக வேண்டிய இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்கும் பாடத்துக்கானது. வளாகத்தில் எல்லோரும் அதை ஹ்யூம் என்பார்கள், அதிகாரப்பூர்வப் பெயர் ஹ்யுமானிட்டீஸ் 110. இயற்பியல் படிக்க வந்தவரும், நாட்டியம் படிக்க வந்தவரும் ஓராண்டு முழுவதும் ஒரே நூல்களைப் படிக்கிறார்கள். விரிவுரை மண்டபத்தில் பல துறைப் பேராசிரியர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதம் நடக்கும். இந்தப் பாடத்தின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. நெடுங்காலமாக இது பண்டைய கிரேக்கத்தையும் ரோமையும் மையமாக வைத்தே இருந்தது. 2016-17இல் மாணவர்களில் ஒரு பிரிவினர், உலகத்தின் அறிவு முழுவதும் அங்கிருந்துதான் வந்தது என்பதுபோல் பாடம் அமைந்திருக்கிறது என்று சொல்லி, விரிவுரை நடக்கும்போதே முன்னால் பதாகைகளுடன் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த முறை சரியா என்று வளாகத்தில் கடும் கருத்து வேறுபாடு இருந்தது; பேராசிரியர்களிலும் சிலர் மனம் புண்பட்டார்கள். பாடத்திட்ட மறுஆய்வு நடந்து, 2018இல் புதிய வடிவம் அறிவிக்கப்பட்டது. பண்டைய மத்தியதரைக் கடல் உலகம் இன்றும் இருக்கிறது; அதனுடன் மெக்சிகோ நகரமும் நியூயார்க்கில் கறுப்பின மக்களின் பண்பாட்டு மையமான ஹார்லெமும் சேர்ந்திருக்கின்றன. நான் படித்தது இந்தப் புதிய வடிவத்தைத்தான். என்ன படிக்க வேண்டும் என்பதையே கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த பாடம், தன்னைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நான் அந்தப் பாடத்தின் பெருமையாகவே கருதுகிறேன்.

மேசையைச் சுற்றி நடக்கும் வகுப்புக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். பெரும்பாலும் பதினைந்து பேர் அளவில் இருப்பார்கள். பேராசிரியர் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொள்வார். பேசுவது மாணவர்களின் வேலை. நம் வகுப்பறைகளில் கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகிய ஒருவருக்கு, யாரும் பெயர் சொல்லி அழைக்காத ஓர் அறையில் தானாக வாயைத் திறப்பது எளிதன்று. அறையில் அமைதி நிலவினாலும் பேராசிரியர் அதை நிரப்ப மாட்டார், காத்திருப்பார். அப்படியே அரை நிமிடம் போன பிறகு, யாரோ ஒருவர் புத்தகத்தைப் புரட்டி, "நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பத்தியைப் பாருங்கள்" என்பார். எல்லோரும் அந்தப் பக்கத்துக்குப் போவோம். பக்கத்தைக் காட்டாமல் சொல்லும் கருத்துக்கு அங்கே மதிப்பில்லை. எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதைவிட, நேற்றிரவு அந்த நூலைப் படித்தீர்களா என்பதுதான் அங்கே தெரியவரும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படும் தங்கைகளுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வகுப்புக்கு வெளியே நடப்பவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். 1968 முதல் இந்தக் கல்லூரியில் ஓர் அணு ஆய்வு உலை இயங்கி வருகிறது. அதை இயக்குபவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். அவர்கள் இயற்பியல் மாணவர்களாக இருக்க வேண்டியதில்லை. இலக்கியமும் தத்துவமும் படிப்பவர்களும் பயிற்சி வகுப்பில் சேரலாம். உள்ளூர்ப் பயிற்சியை முடித்து, அமெரிக்க அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் தேர்வில் தேறினால், இயக்குநர் உரிமம் கிடைக்கும். ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் உலை இருக்கிறது. இயங்கும்போது தண்ணீருக்குள் நீல ஒளி தெரியும். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலைப்படிப்பு மட்டும், அறிவியல் பலவீனமாக இருக்கும் என்று எண்ணும் பெற்றோர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான். பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெறும் பழைய மாணவர்களின் விகிதத்தில் அமெரிக்கக் கல்லூரிகளிடையே ரீட் முன்வரிசையில் இருப்பதற்கும் அறிவியல் துறைகளின் பங்கு பெரிது.

மூன்றாம் ஆண்டில் தகுதித் தேர்வு வருகிறது; அதை எல்லோரும் க்வால் என்பார்கள். அதன் வடிவம் துறைக்குத் துறை மாறும். அதில் தேறினால்தான் இறுதியாண்டு ஆய்வேட்டைத் தொடங்கலாம். தீசிஸ் எனப்படும் அந்த ஆய்வேடு விருப்பப் பாடமன்று; எந்தத் துறையானாலும், ஒவ்வொரு மாணவரும் ஓராண்டு உழைத்து ஒன்றை முடித்தால்தான் பட்டம். என்னுடையது வளாகத்தின் நடுவே ஓடும் ஓடையைப் பற்றியது. கான்யன் என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளத்தாக்கில் ஊற்றுநீர் ஏரியாகத் தேங்கி, பிறகு ஓடையாக ஓடுகிறது. அந்த நீரின் வெப்பநிலை மாறும் இடங்களில் பூச்சிகளின் இளம்புழுக்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்தேன். குளிர்கால மழையில், இடுப்பளவு ரப்பர் காலணி அணிந்து, சிறு வலையால் ஓடையின் அடியில் உள்ள கூழாங்கற்களைக் கிளறி, வலையில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி, நுனி மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வேலை அது. வாரந்தோறும் வழிகாட்டிப் பேராசிரியருடன் தனியாக ஒரு சந்திப்பு உண்டு. எழுதிய பக்கங்களை முந்தின நாளே அனுப்ப வேண்டும். அடுத்த நாள் அவை மேசையில் இருக்கும், அதே ஓரக் குறிப்புகளுடன்.

இளவேனில் பருவத்தின் இறுதியில் ஆய்வேட்டைப் பதிவாளர் அலுவலகத்தில் ஒப்படைக்கும் நாள் வளாகத்துக்கே திருவிழா. நூலகத்திலிருந்து, அந்த அலுவலகம் இருக்கும் எலியட் ஹால் வரை, முடித்தவர்கள் எல்லோரும் ஆரவாரத்துடன் ஊர்வலமாகப் போவோம். ஆனால் என் நினைவில் ஆழமாக நிற்பது அதற்குப் பின் வந்த வாய்மொழித் தேர்வு. நான்கு பேராசிரியர்கள் கொண்ட குழு உங்கள் ஆய்வேட்டை முழுவதுமாகப் படித்துவிட்டு வந்து உட்காரும். அவர்களில் உங்கள் துறைக்கு வெளியே இருந்தும் ஒருவர் கட்டாயம் இருப்பார். எனக்கு வந்தவர் தத்துவத்துறையைச் சேர்ந்தவர். புள்ளிவிவர அட்டவணைகளை அவர் தொடவில்லை. "இந்த ஓடை மனிதர்களால் திரும்பத் திரும்ப மாற்றியமைக்கப்பட்டது என்று முதல் அத்தியாயத்தில் எழுதுகிறீர்கள், நான்காம் அத்தியாயத்தில் இயல்பான நிலை என்கிறீர்கள். எதோடு ஒப்பிட்டு இயல்பு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இருபது நிமிடம் போயிற்று. நடுவில் என் வழிகாட்டியும் அவரும் தங்களுக்குள் விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தொரு வயதில், நான் எழுதிய ஒரு வாக்கியத்துக்காகப் படித்த பெரியவர்கள் இருவர் மாறுபட்டுப் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டது எனக்குக் கிடைத்த பெரும்பேறு. அந்த ஆய்வேடு இப்போது கல்லூரி நூலகத்தில், எங்களுக்கு முன் படித்தவர்களின் ஆய்வேடுகளுடன் அலமாரியில் இருக்கிறது.

இனி, கடினமான பக்கம். வேலைச் சுமை உண்மையிலேயே அதிகம். வாரத்துக்குப் பல நூறு பக்கங்கள் படிக்க வேண்டியிருக்கும். மதிப்பெண்ணும் தாராளமாகப் போடப்படுவதில்லை. இதே வகையைச் சேர்ந்த மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டால், இங்கே படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம் என்ற பேச்சு நெடுங்காலமாகவே உண்டு; என் நண்பர்களிலும் சிலர் போனார்கள், அவர்கள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். போர்ட்லாந்தின் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மேகமும் தூறலும்தான். வீட்டு நினைப்பு அப்போதுதான் வாட்டும். மனம் தளர்ந்தால் ஆலோசகரிடம் முதல் மாதத்திலேயே போங்கள், பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பணம் அடுத்தது. கல்விக்கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். சேர்த்துக்கொள்ளும் மாணவருக்குக் கணக்கிடப்படும் நிதித் தேவை, அதாவது குடும்பத்தால் கட்ட முடியாத தொகை, முழுவதையும் ஈடுசெய்வதாகக் கல்லூரி உறுதியளிக்கிறது. நானும் அப்படி வந்தவள்தான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான நிதி வரம்புக்குட்பட்டது. உதவி கேட்கிறீர்களா என்பதும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். உணவுக்கூடத்தில் ஸ்க்ரவுஞ்ச் என்றொரு பழைய வழக்கம் உண்டு. சாப்பிட்டு மீந்ததைக் கொட்டாமல், தட்டோடு ஒரு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். உணவுத் திட்டத்துக்குப் பணம் கட்டாதவர்கள் அங்கே நின்று சாப்பிடுவார்கள். எச்சில் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு, எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மேசையில் நிற்பவரை யாரும் குறைவாகப் பார்த்ததில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஆலோசனை. தரவரிசைப் பட்டியலில் இந்தக் கல்லூரியின் இடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். யூஎஸ் நியூஸ் பட்டியலுக்குத் தகவல் தருவதை ரீட் 1995இலேயே நிறுத்திவிட்டது, ஆகவே அந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. அதற்குப் பதிலாக, எந்தச் சிறிய கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: முதலாண்டு மாணவரின் கட்டுரையைத் திருத்துவது யார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், இறுதியாண்டு ஆய்வு எல்லோருக்கும் உண்டா அல்லது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமா. நிதியுதவி பற்றிய கேள்வியை நிதியுதவி அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புங்கள்; விண்ணப்பக் கடைசி நாளுக்கு வெகு முன்பே, அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.