கையெழுத்தும் போட்டு ரேகையும் வைத்த தையல்காரி

வணக்கம் மக்களே! பத்திர ஆபீசுக்குப் போனால் கையெழுத்தும் வாங்குவார்கள், பெருவிரல் ரேகையும் வாங்குவார்கள். வீடு, மனை, சொத்து விவகாரம், சரி. ஒரு கவுனுக்கு யாராவது ரேகை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

[திரையில்: கவுனின் உள்பக்கம், லேபிள் மட்டும் நெருக்கத்தில்]

இதைப் பாருங்கள். பாரிஸில் 1920களில் விற்ற பட்டு கவுன். லேபிளில் ஒரு கையெழுத்து, கூடவே ஒரு பெருவிரல் ரேகை. என் உடையை எவனும் காப்பியடிக்கக் கூடாது என்று ஒரு பெண்மணி செய்த ஏற்பாடு இது. அவர் பெயர் மதலேன் வியோனே. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, போன மாதம் வரை நானும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் வேலையை உங்கள் தெரு டெய்லர் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் ஒரு கைக்குட்டை எடுத்து வாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் எடுத்து வாருங்கள். பனியன் துணி வேண்டாம். அது பின்னல் துணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும், சோதனை கெட்டுவிடும். தறியில் நெய்த துணிதான் வேண்டும். கைக்குட்டை இல்லையென்றால் பழைய வேட்டியில் ஒரு சதுரம் கிழித்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டுக் கிழியுங்கள்.

வந்தாச்சா? விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து நேராக இழுங்கள். வராது. பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், அந்தத் திசையில் ஓடுகிறது. நூலே நீண்டால்தான் துணி நீளும், பருத்தி நூல் அப்படியெல்லாம் லேசில் நீளாது. இப்போது அடுத்த பக்கத்து விளிம்பு. இது ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், போகும் திசை. ஏறக்குறைய அதே கதைதான்.

இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள்.

பார்த்தீர்களா! ரப்பர் மாதிரி வருகிறது. அதே கைக்குட்டை, அதே நூல். நடுப்பகுதியைக் கவனியுங்கள், நீள நீள அது ஒடுங்குகிறது. விட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. எனக்கு இதை முதல்முறை செய்தபோது பத்து நிமிடம் வேறு வேலை ஓடவில்லை. அம்மா வந்து "என்ன, கைக்குட்டையோடு சண்டையா?" என்றார்.

நடப்பது இதுதான். பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடமெல்லாம் குட்டிக் குட்டிச் சதுரக் கட்டங்கள். மூலையைப் பிடித்து இழுக்கும்போது எந்த நூலும் நீளவில்லை. கட்டங்கள்தான் சரிகின்றன. தீபாவளிக்கு மைதா மாவைத் தேய்த்து டைமண்ட் பிஸ்கட் வெட்டுவோமே, அந்த வடிவத்துக்குச் சதுரம் சாய்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் நீண்டால் இன்னொரு பக்கம் குறுகியாக வேண்டும்.

இனி இதைக் கைக்குட்டையாக நினைக்காமல் கவுனாக நினையுங்கள். துணியின் சொந்த எடையே அதைக் கீழே இழுக்கிறது. அதனால் துணி உடம்போடு ஒடுங்குகிறது. இடுப்பு அகலமாக இருக்கும் இடத்தில் கட்டங்கள் விரிந்து வழிவிடுகின்றன, தாண்டியதும் மறுபடி ஒடுங்குகின்றன. ஜிப் வேண்டாம், கொக்கி வேண்டாம், தலைவழியாக மாட்டினால் போதும். எலாஸ்டிக் நூல் இல்லாமலே எலாஸ்டிக் வேலை. செய்ததெல்லாம் துணியை 45 டிகிரி திருப்பி வெட்டியது மட்டும்!

நம் ஊர் டெய்லர்கள் இதைத்தான் 'கிராஸ்' என்கிறார்கள். கிராஸ் கட்டிங் ஜாக்கெட், கழுத்துப்பட்டிக்குக் கிராஸ் பீஸ், எல்லாமே இந்தச் சமாச்சாரம்தான். கழுத்தின் வளைவில் நேர்துணிப் பட்டி வைத்தால் சுருக்கம் விழும், கிராஸ் பீஸ் மட்டும் வளைந்து கொடுத்துப் படியும்.

உடனே கமெண்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். கிராஸை வியோனே கண்டுபிடிக்கவில்லை. காலர், ஓரப்பட்டி என்று அங்கங்கே அவருக்கு முன்பே பயன்படுத்தினார்கள். முழு உடையையுமே கிராஸில் தொங்கவிடும் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர். நம் டெய்லர் அவரிடம் கற்றார் என்றும் நான் சொல்லவில்லை. கணக்கு ஒன்று, அவ்வளவுதான்.

வாழ்க்கை வரலாறு வேகமாக. 1876-இல் பிரான்சில் பிறந்தார். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் ஊசி பிடித்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், ஒரு குழந்தை, குழந்தை இறந்தது, கணவரைப் பிரிந்தார். லண்டனுக்குப் போய் வேலை பார்த்தார். திரும்பி வந்து பாரிஸில் கேலோ சகோதரிகளின் தையலகம், அடுத்து 1907-இல் ழாக் தூசேவின் தையலகம். அங்கே மாடல் பெண்களை கார்செட் இல்லாமல் நடக்கவிட்டார். கார்செட் என்றால் இடுப்பை நெரித்துக் கட்டும் உள்ளாடை, தெரியும்தானே? 1912-இல் சொந்தக் கடை, 1914-இல் போர் வந்து மூடல், போர் முடிந்து மறுபடி திறப்பு. மூச்சு வாங்குகிறது. சரி, சுவாரசியமான இடத்துக்கு வருவோம்.

வியோனே காகிதத்தில் படம் வரைந்து டிசைன் செய்யவில்லை. சுமார் 80 சென்டிமீட்டர் உயர மரப்பொம்மை ஒன்று வைத்திருந்தார். அதன்மேல் துணியைப் போட்டு, குண்டூசி குத்தி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொம்மையில் சரியாக வந்தால்தான் ஆள் அளவுக்குப் பெரிதாக்குவார். 80 சென்டி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம் ஜாக்கெட் பிட்டின் நீளம்!

அந்தப் பொம்மையில் பிறந்திருக்கக்கூடிய ஓர் உடையைச் சொல்கிறேன். 1920-ஐ ஒட்டிய காலம். நான்கு சதுரப் பட்டுத் துணிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வளைத்து வெட்டவில்லை, உடம்போடு ஒட்ட மடித்துத் தைக்கும் டாட் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சதுரத்தையும் மூலையால் தொங்கவிட்டார். மேல்மூலை தோளில், கீழ்மூலை காலருகே. மூலையில் தொங்கினால் துணி தானாகவே கிராஸ் ஆகிவிடும் அல்லவா? கீழே நான்கு கூர் முனைகள் நடக்கும்போது ஆடும். உங்கள் கையில் இருக்கும் கைக்குட்டையை நான்கு பங்கு கூட்டினால் அந்த கவுன்.

இதில் செலவு எங்கே என்று கேட்கிறீர்களா? துணியில்தான். போன வருடம் ஜாக்கெட் பிட்டோடு போனபோது எங்கள் டெய்லர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எண்பது சென்டி பத்தாதும்மா. கிராஸில் வெட்டணும்னா ஒரு மீட்டராவது வேணும்" என்றார். துணியைச் சாய்த்து வெட்டினால் மூலையெல்லாம் வீணாகும். அதே தலைவலி பாரிஸிலும். வழக்கமான அகலம் போதவில்லை என்று பியான்கினி ஃபெரியே என்ற பட்டு ஆலையிடம் சொல்லி, தனக்கென்று அகலமான கிரேப் துணி நெய்து வாங்கினார் வியோனே. நம்மால் முடிந்தது இன்னொரு இருபது சென்டி வாங்குவது.

அதே காலத்தில் பாரிஸில் உடை வடிவமைத்த ஷனேலைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசுகிறேன், ஒரே ஒரு விஷயம். 1926-இல் ஷனேலின் எளிமையான கறுப்பு உடையை அமெரிக்க வோக் பத்திரிகை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. எல்லோருக்கும் ஏற்ற உடை என்ற பாராட்டு. வியோனேயோ, கேலோ சகோதரிகளிடம் கற்றிராவிட்டால் நான் ஃபோர்டுகளையே செய்துகொண்டிருப்பேன், அவர்களால்தான் ரோல்ஸ்ராய்ஸ் செய்ய முடிந்தது என்று சொன்னவர். ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குத் திட்டு, இரண்டும் அதே கார்! என் ஓட்டு யாருக்கென்று கேட்டால், ஷனேல் ஒரு வாழ்க்கை முறையை விற்றார், வியோனே துணியைப் புரிந்துகொண்டார். விற்றவர் பெயர்தான் நிற்கும். வாசனைத் திரவியப் பாட்டிலாக இன்றும் நிற்கிறது.

வியோனேயின் தையலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். உணவுக்கூடம், டாக்டர், பல் டாக்டர், சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் இருந்தன. பிரான்சில் சம்பள விடுப்புக்குச் சட்டம் வந்ததே 1936-இல்தான். தையல்காரிகளுக்கு வெறும் ஸ்டூலுக்குப் பதில் முதுகு சாய்கிற நாற்காலி கொடுத்தார். சின்ன வயதில் தானே ஸ்டூலில் குனிந்து தைத்த முதுகு அது, மறக்குமா?

அந்த வெட்டு பிறகு எங்கெல்லாமோ போயிற்று. 1933-இல் ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோ திரையில் அணிந்த வெள்ளைச் சாட்டின் கவுன் கிராஸ். அதைச் செய்தவர் ஹாலிவுட்டின் உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன். 1990களில் உடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோ அதையே பிடித்துக்கொண்டார். 1996-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகனை மணந்த கரோலின் பெசெட் கென்னடி தன் கல்யாணத்துக்குப் போட்ட கிரேப் கவுனும் கிராஸ்தான், நார்சிஸோ ராட்ரிகஸ் தைத்தது. இன்று ஆன்லைனில் 'ஸ்லிப் டிரெஸ்' என்று தேடினால் வருவதில் பாதிக்கும் இதுதான் தாய்வழி.

காப்பியைத் தடுக்கத்தான் ரேகை வைத்தார். அது போதாதென்று ஒவ்வோர் உடையையும் கண்ணாடிகளுக்கு நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கமும் தெரியும்படிப் படமெடுத்து, எண் போட்டு ஆல்பத்தில் ஒட்டிவைத்தார். 1939-இல் கடையை மூடினார், 1952-இல் ஆல்பங்களை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார், 1975-இல் 98 வயதில் இறந்தார். ஆல்பங்கள் இன்றும் பாரிஸில் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கவுனுக்கு ரேகை வைக்கலாம், 45 டிகிரிக்கு யார் ரேகை வைக்க முடியும்?

கடைசியாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருடம் முன்பு அம்பர்லா பாவாடை ஒன்று தைக்கக் கொடுத்தேன். வாங்கியபோது அடி நேராக இருந்தது. ஒரு வாரம் ஹேங்கரில் தொங்கிய பிறகு சில இடத்தில் இறங்கி, சில இடத்தில் தூக்கி, அலையலையாகிவிட்டது. டெய்லரிடம் போய் நன்றாகச் சத்தம் போட்டேன். அவர் "துணி தொங்கினா அப்படித்தாம்மா, ஒரு நாள் விட்டுட்டு அடி மடிக்கலாம்னு சொன்னேன், நீங்கதான் அவசரம்னீங்க" என்றார். சாக்கு என்று நினைத்தேன்.

வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடம் நேர்துணி, சில இடம் கிராஸ். நேர்துணி அசையாது, கிராஸ் பகுதி மட்டும் எடைக்கு இறங்கும். நேற்று அந்தப் பாவாடையை எடுத்து டேப் வைத்து அளந்தேன். இறங்கியிருப்பதெல்லாம் சரியாக மூலைவாட்டில் வெட்டிய நான்கு இடங்கள், ஒன்றரை அங்குலம். சாயங்காலம் பாவாடையோடும் ஒரு கிலோ ஆரஞ்சோடும் அவர் கடைக்குப் போகிறேன். கைக்குட்டையை இன்னும் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் மடித்து வைத்துவிடலாம்.